கறுப்புக் கரைத் தாள்

ஸ்ரீ:
சின்ன காஞ்சிபுரம்
கீலக வருஷம் ஆவணி 8 (1908 ஆகஸ்டு 23)

சிரஞ்சீவி தேசிகனுக்கு அக்கா வரலக்ஷ்மியின் ஆசீர்வாதம். இங்கே நானும் அத்திம்பேரும் குழந்தை தாராவும் பெருமாள் கிருபையால் சௌக்கியம். கடல் காற்று உனக்கு ஒத்துக்கொண்டதா, சாப்பாட்டுக்கு என்ன செய்கிறாய், எல்லாம் விவரமாக எழுது.

நீ இத்தாலி தேசம் போய்ச் சேர்ந்த கடிதம் வந்தது. மூன்று தடவை வாசித்தேன். அப்பாவிடம் கொண்டுபோனேன். "கப்பலேறினவன் கடுதாசியை என் கையால தொடமாட்டேன், எடுத்துண்டு போ" என்றார். பம்பாய்க்கு ஏடு பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு வெள்ளைக்காரப் புரொபசரோடு கப்பலேறிய பிள்ளையைப் பற்றி வேறென்ன சொல்வார்?

நீ அங்கே சுகமாக இருக்கிறாய். இங்கே நடப்பதைக் கேள். பெருமாள் கோவிலில் பிரபந்தம் சேவிக்கிற கோஷ்டியில் அப்பாவுக்கு முதல் தீர்த்தம் அல்லவா? போன ஏகாதசியன்று கை நீட்டினார். தாண்டிப் போய்விட்டார்கள். நீட்டின கையை வேஷ்டியில் துடைத்துக்கொண்டு வந்தாராம். கடல் தாண்டின பிள்ளைக்குக் குடம் உடைத்தால்தான் இனி தீர்த்தம் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். உயிரோடு இருக்கிறவனுக்கே கர்மம் பண்ணி, குடத்தை உடைத்து, செத்தவனோடு செத்தவனாகச் சேர்த்துவிடுவது. அப்பா கெஞ்சிப் பங்குனி உத்திரம் வரைக்கும் தவணை வாங்கியிருக்கிறார். அதற்குள் நீ வந்து பிராயச்சித்தம் பண்ணிக்கொண்டால் பிழைத்தோம்.

வராவிட்டால் உன் ஆம்படையாள் பூமாவின் கதி என்ன என்று யோசித்தாயா? பதினேழு வயசுப் பெண். பத்தாம் நாள் நாவிதன் வாசலில் வந்து நிற்பான். அதற்குமேல் நான் எழுத வேண்டாம்.

தாராவுக்குத் திருப்புட்குழி வரன் ஏறக்குறைய நிச்சயம். சித்திரையில் கல்யாணம். மாலை மாற்றும்போது குழந்தையைத் தோளில் தூக்க மாமா வேண்டும். எனக்கு நீ ஒரே தம்பி. நினைவிருக்கட்டும்.

உன் சௌக்கியத்துக்கு உடனே எழுதும்படி,
அக்கா

*

பிளாரன்ஸ்
1908 செப்டம்பர் 18

அக்காவுக்கு தேசிகன் அநேக நமஸ்காரம். நான் சௌக்கியம், இருமல் மட்டும் விடமாட்டேன் என்கிறது. உன் முழங்கால் வலி தேவலையா? அரிசி கிடைக்கிறது, நானே பொங்கிச் சாப்பிடுகிறேன்.

கவலைப்படாதே, பங்குனி உத்திரத்துக்கு முன்னால் வந்துவிடுவேன். புரொபசரோடு பேச்சே மாசி வரைக்கும்தான். நம் ஊரில் அவர் வாங்கின சம்ஸ்கிருதக் கதைச் சுவடியை இத்தாலி பாஷையில் எழுதி முடித்தால் என் வேலை தீர்ந்தது.

ஆனால் இந்த பாஷை இருக்கிறதே, அக்கா! நடந்துபோன ஒன்றைச் சொல்ல இவர்களுக்கு மூன்று வழி. இன்றைக்கு நடந்து இன்னும் சூடு ஆறாதது ஒன்று. என்றோ நடந்து கதவு சாத்தியாகிவிட்டது ஒன்று. முன்பெல்லாம் வழக்கமாக நடந்துகொண்டிருந்தது ஒன்று. ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் நின்று, இதா அதா என்று பார்த்துத்தான் எழுத வேண்டும். நம் வியாகரணத்திலும் மூன்று இருக்கிறது. பொதுவாக நடந்தது, இன்றைக்கு அல்லாதது, பேசுகிறவன் கண்ணால் காணாதது. இதைச் சொன்னதும் புரொபசர்க் கிழவர் எழுந்து நின்று கை தட்டினார். ஆனால் அவர்கள் மூன்றும் நம் மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தமாட்டேன் என்கின்றன. அதுதான் வேடிக்கை.

நான் குடியிருக்கிற வீட்டுக்காரி ரோஸா அம்மாள் தெற்கே மெஸ்ஸினா என்ற ஊர்க்காரி. போன வருஷம் புருஷன் போய்விட்டான். ஒரே பிள்ளை அந்த ஊரில் இருக்கிறான். அவள் இன்று காலை காப்பி குடித்ததையும் கதவு சாத்தின கணக்கில்தான் சொல்வாள். "அவள் ஊரில் எது முடிந்தாலும் அந்த க்ஷணமே முடிந்தது" என்று புரொபசர் தலையில் அடித்துக்கொள்கிறார். நேற்று அவளிடம், "என் அப்பா கோவிலில் பிரபந்தம் சேவித்துக்கொண்டிருந்தார்" என்று மூன்றாம் வகையில் சொல்லித் தொலைத்தேன். அவள் சிலுவை போட்டுக்கொண்டு என் தலையைத் தடவினாள். அப்பா செத்துப்போனார் என்று நினைத்துவிட்டாள்! எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

பூமாவை எழுத்துப் பழக்கத்தை விட்டுவிட வேண்டாம் என்று சொல். தாராவுக்கு முத்தம்.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
தேசிகன்

*

ஸ்ரீ:
சின்ன காஞ்சிபுரம்
ஐப்பசி 3 (அக்டோபர் 18)

சிரஞ்சீவி தேசிகனுக்கு ஆசீர்வாதம். எல்லோரும் க்ஷேமம். முழங்கால் அப்படியேதான். இருமலுக்கு மிளகு போட்டுக் கொதிக்கவைத்துக் குடி.

மூன்று இறந்த காலமாம், பெரிய அதிசயம்! நமக்குப் "போனான்" ஒன்று போதும், போடா. போனவன் போனவன்தான். அப்பா உன் பேரைச் சொல்லுவதை நிறுத்திவிட்டார். நேற்று, "அவன் இருந்தப்போ இந்தப் பலாமரம் காய்ச்சது" என்றார். எனக்குச் சுருக்கென்றது. பூமா இலை போட்டுக்கொண்டிருந்தாள். கேட்காதது மாதிரி போட்டுக்கொண்டே இருந்தாள். நான் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டுகிறாள். மனசில் என்ன ஓடுகிறது என்று பெருமாளுக்குத்தான் வெளிச்சம். பலகையில் எழுதிப் பழகுகிறாள். உனக்கு ஒரு வரி எழுதட்டுமா என்று கேட்டதற்கு அப்பா கூடாது என்றுவிட்டார்.

தாராவின் கூறைப் புடவையைப் பிள்ளையார்பாளையத்தில் நெய்யக் கொடுத்துவிட்டேன். அரக்குச் சிவப்பு, சரிகைக் கரை. நெய்கிற வீட்டு இந்திராணி, "தை பொறக்கறதுக்குள்ள தறிலேர்ந்து அறுத்துக்கினு வந்து குடுத்துடறேம்மா" என்று சொல்லியிருக்கிறாள். திருப்புட்குழி சம்பந்தி அம்மாள் வந்திருந்தாள். "உங்க தம்பி கப்பலேறிட்டாராமே, அப்படியா?" என்று காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டாள். "யாரோ கட்டிவிட்ட கதை மாமி, அவன் பம்பாயிலே இருக்கான்" என்றேன். என் வாய் கூசவில்லை, அதுதான் எனக்கே ஆச்சரியம். குடம் உடைத்தால் அது ஊர் முழுக்கத் தெரியும். அந்த நிமிஷமே தாராவின் கல்யாணமும் உடையும்.

நீ அப்பாவுக்கே நேராக ஒரு கடிதம் எழுது. கால் பிடித்துக் கேட்டு எழுது. எனக்கு எழுதுகிற மாதிரி கசங்கின தாளில் கிறுக்காதே. நல்ல தாளாக, மரியாதையாகப் பார்த்து எழுது. தொடமாட்டேன் என்று சொன்னாலும் பெற்ற மனசு, வாசிப்பார்.

மறக்காமல் எழுதச் சொல்லும்,
அக்கா

*

பிளாரன்ஸ்
1908 நவம்பர் 14

அக்காவுக்கு நமஸ்காரம். இருமல் நின்றது. குளிர் பழகிவிட்டது. அத்திம்பேருக்கும் என் நமஸ்காரம்.

வேலை நான் நினைத்ததைவிட இழுக்கிறது. கதையில் ராஜா காட்டுக்குப் போகிறான், ராணி அழுகிறாள், கிளி பேசுகிறது. எல்லாவற்றையும் கதவு சாத்தின வகையிலேயே எழுதிவிட்டேன். புரொபசர் அறுபது பக்கத்தையும் திருப்பிக் கொடுத்தார். ராஜா போனது ஒரு தடவை, ராணி அழுதது வருஷக்கணக்காக, இரண்டும் எப்படி ஒரே வகை என்று கேட்கிறார். நியாயம்தானே? முதலிலிருந்து திருத்துகிறேன். ராணி அழுத இடத்தைச் சரிசெய்ய எனக்கு நாலு நாள் ஆயிற்று, அக்கா. அந்த நாலு நாளும் வேறு எதுவுமே நினைவில் இல்லை.

ஆடி மாசம் வரைக்கும் இருந்து முடித்துக் கொடுத்துவிட்டுப் போ என்று புரொபசர் கேட்கிறார். யோசிக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். அப்பாவுக்கு அவசியம் எழுதுகிறேன்.

இங்கே கடைத்தெருவில் பட்டுத் துணி பார்த்தேன். வழவழப்பு இருக்கிறது, ஆனால் கரையே இல்லை. கரை இல்லாத துணியை எப்படித்தான் உடுத்துகிறார்களோ! பூமா சௌக்கியம் என்று நம்புகிறேன்.

அன்புள்ள தம்பி,
தேசிகன்

*

ஸ்ரீ:
சின்ன காஞ்சிபுரம்
கார்த்திகை 26 (டிசம்பர் 11)

சிரஞ்சீவி தேசிகனுக்கு ஆசீர்வாதம். எல்லோரும் சௌக்கியம்.

ராணி அழுததற்கு நாலு நாள் உட்கார்ந்தாயாமே? இங்கே ஒருத்தி அழாமல் இருக்கிறாளே, அவளுக்கு எத்தனை நாள் உட்காருவாய்? யோசிக்கலாம் என்று சொன்னாயாம்! எதை யோசிப்பாய்? பங்குனி உத்திரம் தாண்டினால் குடம். குடம் உடைந்தால் பூமாவும் இல்லை, தாராவின் கல்யாணமும் இல்லை. எனக்கு வேறு எழுதத் தெரியவில்லை. சம்பந்தி அம்மாள் மறுபடி ஆள் அனுப்பி விசாரித்திருக்கிறாள்.

அப்பாவுக்கு எழுது. எழுதிவிட்டுக் கிளம்பு.

அக்கா

*

பிளாரன்ஸ்
1909 ஜனவரி 7

அக்காவுக்கு நமஸ்காரம். நான் சௌக்கியம். நீ கோபித்துக்கொண்டு எழுதினது நேற்று வந்தது. உன் கோபம் நியாயம்தான்.

இங்கே பெரிய விபரீதம். பத்து நாளைக்கு முன் விடியற்காலையில் மெஸ்ஸினா பூகம்பத்தில் அப்படியே விழுந்துவிட்டது. பின்னாலேயே கடல் வேறு ஏறி வந்ததாம். எத்தனை ஆயிரம் பேர் என்று இன்னும் சொல்லத் தெரியவில்லை. பயப்படாதே, அது இங்கிருந்து வெகு தூரம். இங்கே ஒரு பாத்திரம்கூட ஆடவில்லை. ரோஸா அம்மாள் மறுநாளே பிள்ளையைத் தேடிக்கொண்டு போனவள் இன்னும் திரும்பவில்லை. கடைகள் பாதி சாத்தியிருக்கின்றன. தெருவில் யாரும் உரக்கப் பேசுவதில்லை.

நீ சொன்னபடி புது வருஷத்தன்று அப்பாவுக்கு எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன். நல்ல தாள் என்றாயே, கடை திறக்கவில்லை. ரோஸா அம்மாளின் மேசை அறையில் அருமையான தாளும் அதற்கேற்ற கவரும் ஒரு கட்டு இருந்தது. தடித்த வெள்ளைத் தாள்; நாலு பக்கமும் விரற்கடை அகலத்துக்குக் கறுப்புக் கரை ஓட்டியிருக்கிறது. கவருக்கும் அதே கரை. நம் பிள்ளையார்பாளையத்துப் புடவை மாதிரி அத்தனை நேர்த்தி! இந்த ஊரில் கரை போட்ட ஒன்றை இப்போதுதான் பார்க்கிறேன். அப்பாவுக்கு இதுதான் தகும் என்று எழுதிவிட்டேன். ஆடி வரைக்கும் தவணை கேட்டிருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே, பெரியவர்களிடம் அப்பா பேசினால் நடக்கும்.

தை பத்துக்குள் அவர் கைக்குக் கிடைத்துவிடும். அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு எழுத வேண்டும்.

தேசிகன்

*

பிளாரன்ஸ்
1909 பிப்ரவரி 4

அக்கா, நமஸ்காரம். நேற்று அத்திம்பேருக்குக் கொடுத்த தந்தி வந்திருக்கும். நான் உயிரோடு சௌக்கியமாக இருக்கிறேன். அப்பாவிடம் உடனே போய்ச் சொல்.

ரோஸா அம்மாள் நேற்று வந்தாள். பிள்ளை கிடைக்கவில்லை. வந்தவள் மேசை அறையைத் திறந்து தாள் கட்டைப் பார்த்தாள். யார் எடுத்தது என்று கேட்டாள். நான்தான், என் அப்பாவுக்கு எழுத என்றேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். அந்தத் தாள் சாவு சொல்லுகிற தாளாம், அக்கா. புருஷன் செத்தபோது வாங்கினதில் மிச்சமாம். கறுப்புக் கரை போட்டு ஒரு கவர் வந்தால் யாரோ செத்தார்கள் என்று திறப்பதற்கு முன்னாலேயே தெரிந்துகொள்வார்களாம். எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. நான் கரை என்று நினைத்தேன்.

அப்பா உள்ளே வாசித்திருப்பார், என் கையெழுத்தைப் பார்த்திருப்பார் என்று என்னை நானே தேற்றிக்கொள்கிறேன். ஏழாம் தேதி உனக்கு எழுதினதும் வந்திருக்கும், அதில் எல்லாம் சொல்லியிருக்கிறேனே. பிறகு ஏன் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை?

பூமா எப்படி இருக்கிறாள்? இதற்கு மட்டுமாவது பதில் எழுது.

தேசிகன்

*

ஸ்ரீ:
சின்ன காஞ்சிபுரம்
தை 27 (பிப்ரவரி 8)

தேசிகனுக்கு அக்கா எழுதுவது. அத்திம்பேர், தாரா, நான் எல்லோரும் சௌக்கியம்.

தந்தி வந்தது. பெருமாள் கண் திறந்தார். நடந்ததை எழுதுகிறேன், பதறாமல் வாசி.

பூகம்பத்தில் லக்ஷம் பேர் போனார்கள் என்று பேப்பரில் வந்தது. தாலுகா கச்சேரியில் அத்திம்பேரிடம் எல்லோரும் விசாரித்தார்கள். இத்தாலியில் எந்த ஊர் எங்கே இருக்கிறது என்று இங்கே யாருக்குத் தெரியும்? ஜனவரி இருபத்திரண்டாம் தேதி தபால்காரன் வீராசாமி அப்பா வீட்டு வாசலில் வந்து நின்றான். "சாமி, இத்தாலி தபாலு. கறுப்பு போட்டுக்கினு வந்துகீது" என்று கையை நீட்டாமலே நின்றானாம். மகாராணி காலமானபோது கச்சேரிக்கு இப்படித்தான் வந்தது, அதை அப்பாவும் பார்த்திருக்கிறார். "கிழிச்சுப் போட்டுடு" என்றார். சாவு ஓலையை வீட்டுக்குள் வைத்துக்கொள்வதில்லையே. வீராசாமி அங்கேயே நாலாகக் கிழித்துப் போட்டான். அப்பா கட்டின வேஷ்டியோடு தலை முழுகினார். கவரின் மேல் உன் கையெழுத்து இருந்ததா என்று பிறகு கேட்டேன். "எழுத்தைப் பார்க்கலே" என்றார்.

பத்து நாள் கர்மமும் முறைப்படி நடந்தது. ஊரே வந்து அழுதது. கோஷ்டிப் பெரியவர்கள் எல்லோரும் வந்தார்கள். குடம் பேச்சு எடுபட்டுப் போயிற்று. பூகம்பத்தில் போனவனுக்குக் குடம் எதற்கு? அப்பாவுக்கு முதல் தீர்த்தம் திரும்பி வந்தது. திருப்புட்குழிக்காரர்களும் துக்கம் கேட்டு வந்தார்கள், பம்பாய் என்று நான் சொன்ன பொய்யைக் கிளறவில்லை, கல்யாணத்தைத் தள்ளிப்போட வேண்டாம் என்று அவர்களே சொன்னார்கள்.

நீ உயிரோடு இருப்பது அப்பாவுக்கும் அத்திம்பேருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். இப்போதைக்கு வேறு யாருக்கும் எழுதாதே. என்ன செய்யலாம் என்று யோசித்து எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்,
அக்கா

*

பிளாரன்ஸ்
1909 மார்ச் 2

அக்காவுக்கு நமஸ்காரம். உன் கடிதத்தை எத்தனை தடவை வாசித்தேன் என்று தெரியாது. சிரஞ்சீவி என்று நீ போடவில்லை. பூமா என்ற பேரும் அதில் எங்குமே இல்லை.

பத்து நாள் நடந்தது என்கிறாய். பத்தாம் நாள் என்ன நடந்தது? நாவிதன் வந்தானா, இல்லையா?

வழி இருக்கிறது, அக்கா. செத்தவனாகக் கர்மம் பண்ணப்பட்டவன் உயிரோடு திரும்பினால் சாஸ்திரத்தில் இடம் இருக்கிறது. நெய் நிரப்பின பெரிய குடத்தில் உட்காரவைத்து எடுக்க வேண்டும். பிறந்த குழந்தைக்குச் செய்கிற ஜாதகர்மத்திலிருந்து பூணூல் வரைக்கும் மறுபடி செய்ய வேண்டும். அப்புறம் அதே பெண்டாட்டியை அவனுக்கே திரும்பக் கல்யாணம் பண்ணிவைக்க வேண்டும். அதே பெண்டாட்டியை! அப்பாவுக்கு இது தெரியாமல் இருக்காது. அவரே எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்.

உன்னிடம் ஒன்றை மறைத்தேன். ஆடி வரைக்கும் இருக்கிறேன் என்று புரொபசரிடம் கார்த்திகையிலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். பங்குனிக்கு வருகிறவனாகவே நான் இல்லை. இப்போது எல்லாவற்றையும் போட்டுவிட்டு வருகிறேன். மார்ச் இருபதில் கப்பல். ஏப்ரல் எட்டாம் தேதி வாக்கில் பம்பாய். அங்கே என் சிநேகிதன் ஆதிகேசவன் வீட்டு விலாசத்துக்கு எழுது, கீழே கொடுத்திருக்கிறேன்.

ரோஸா அம்மாள் இத்தனை நாளும் பிள்ளையைப் பற்றி, இது அவனுக்குப் பிடித்திருந்தது, இப்படிச் சிரித்துக்கொண்டிருந்தான் என்று அந்த மூன்றாம் வகையிலேயே பேசிக்கொண்டிருந்தாள். போன வாரம் அவன் கோட்டு கிடைத்தது என்று ஒரு பொட்டலம் வந்தது. அன்றிலிருந்து அவன் பேச்சிலும் கதவைச் சாத்திவிட்டாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஏழாம் தேதிக் கடிதம் என்ன ஆயிற்று என்று நீ சொல்லவே இல்லையே?

தேசிகன்

*

ஸ்ரீ:
சின்ன காஞ்சிபுரம்
பங்குனி 12 (மார்ச் 25)

தேசிகனுக்கு ஆசீர்வாதம். நீ சௌக்கியமாகப் பம்பாய் வந்து இதை வாசிப்பாய். இங்கே எல்லோரும் க்ஷேமம்.

சிரஞ்சீவி என்று எழுதக் கை வரவில்லை, கோபித்துக்கொள்ளாதே. பத்து நாள் உனக்காக அழுதவள் நான்.

பூமாவுக்கு நடந்ததை நீயே ஊகித்திருப்பாய். யாராலும் தடுக்க முடியவில்லை. மயிர்தானே, வளரும். கல்யாண வேலைக்கு ஒத்தாசையாக அவளை என் வீட்டுக்கே அழைத்துக்கொண்டேன். பின்கட்டில் அப்பளம் இடுகிறாள், கோலமாவு இடிக்கிறாள். குறை ஒன்றும் இல்லை.

நெய்க் குடத்துக்கு அப்பா தலையசைத்துவிட்டார். ஆனால் நாள் பார்க்க வேண்டும். சித்திரையில் நல்ல நாளே கிடையாதாம். வைகாசி பத்து வரைக்கும் நீ பம்பாயிலேயே இரு. அதற்கு முன்னால் இந்த ஊர்ப் பக்கம் வராதே, யார் கண்ணிலும் படாதே, யாருக்கும் எழுதாதே. இந்த ஒரு தடவை அக்கா சொல்வதைக் கேள். உன் ஏழாம் தேதிக் கடிதம் தாமதமாக வந்தது. பிப்ரவரி பாதியில்தான் என் கையில் கிடைத்தது. பூகம்பத்தால் தபால் தடைப்பட்டதாம்.

உன் நன்மையையே நினைக்கும்,
அக்கா

*

ஸ்ரீ:
சின்ன காஞ்சிபுரம்
பங்குனி 20

தங்கள் திருவடிகளுக்கு அடியாள் பூமா தெண்டன் சமர்ப்பித்து எழுதுவது. நான் எழுதும் முதல் கடிதம் இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். தங்கள் இருமல் நின்றது என்று வாசித்தேன், சந்தோஷம். எனக்கு உடம்பு சௌக்கியம்.

தங்கள் விலாசம் எப்படிக் கிடைத்தது என்று சொல்கிறேன். தாராவின் கூறைப் புடவை கூடத்துப் பெட்டியில் இருக்கிறது. கூறைப் புடவையை என்னைப் போன்றவள் தொடக்கூடாது. தொடமாட்டேன் என்று தெரிந்துதான் அக்கா தங்கள் கடிதங்களை எல்லாம் அதன் மடிப்புக்குள் வைத்திருந்தார். எல்லோரும் கோவிலுக்குப் போன ஒரு நாள் நான் தொட்டேன். எழுத்துக் கூட்டி எல்லாவற்றையும் வாசித்தேன். தாங்கள் உயிரோடு இருப்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அங்கேயே உட்கார்ந்து வாயைத் துணியால் பொத்திக்கொண்டு அழுதேன்.

கறுப்புக் கரை பற்றி எழுதின கடிதத்தின் கவரில் நம் ஊர்த் தபாலாபீஸ் முத்திரை இருக்கிறது. எனக்கு இங்கிலீஷ் தெரியாது, எண் தெரியும். 27 என்று இருக்கிறது. நாவிதன் வந்தது ஜனவரி 31. நான்கு நாள் அந்தக் கடிதம் அக்கா கையில் இருந்திருக்கிறது. பத்தாம் நாள் காலையில் அக்காதான் என்னைப் பிடித்துக்கொண்டார். "அழாதேடி, எல்லாம் முடிஞ்சுபோச்சு" என்று சொல்லிக்கொண்டே பின்னலை அவிழ்த்தார். அவர் கை நடுங்கியது. துக்கத்தில் நடுங்குகிறது என்று நினைத்து நான் அவரைத் தேற்றினேன். அதை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை.

மூன்று விதமான போன காலத்தைப் பற்றித் தாங்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் புரிந்தது, நன்றாகச் சொல்லியிருக்கிறீர்கள். தந்தி கொடுக்கிறவரைக்கும் என்னைப் பற்றி எத்தனை வரி என்று பார்த்தேன். இரண்டு. ஆடி வரைக்கும் இருக்கக் கையெழுத்துப் போட்டதையும் வாசித்தேன். அதை நேரில் கேட்டுக்கொள்கிறேன்.

சித்திரையில் நல்ல நாளே இல்லை, வைகாசிக்கு வா என்று தங்களுக்கு எழுதியதாக அக்கா அத்திம்பேரிடம் சொன்னதைக் கேட்டேன், அது பொய். தாராவின் முகூர்த்தமே சித்திரை 16, புதன்கிழமைதான். தாங்கள் வைகாசிக்கு வந்தால், தாலி ஏறின பிறகு யார் வந்தால் என்ன என்று எல்லோருக்கும் சௌகரியம். நெய்க் குடம் பற்றியும் பேசிக்கொண்டார்கள். "புதுசாப் பிறந்தவனுக்குப் புதுசா ஒரு பொண்ணு பார்த்தாப் போச்சு. மொட்டைத் தலையை மணையிலே உட்கார்த்த முடியுமா?" என்று மாமனார் சொன்னது என் காதில் விழுந்தது. அக்கா கல்யாணச் செலவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

ஆகையால் வைகாசி வேண்டாம். அரக்கோணத்திலிருந்து காலை வண்டி இங்கே எட்டு மணிக்கு வருகிறது. சித்திரை 16 அன்று அதில் வந்து இறங்குங்கள். ஒன்பதரைக்கு மாலை மாற்றுகிறார்கள். தாராவைத் தூக்க மாமா இல்லை என்று அத்திம்பேரின் தம்பியை ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அது தங்கள் தோளுக்கு உரியது. குழந்தையை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. அவளுக்கு ஒன்றும் தெரியாது. எனக்கும்தான் ஒன்றும் தெரியாமல் இருந்தது.

என்னைப் பந்தலுக்குள் விடமாட்டார்கள். பந்தக்காலுக்கு வெளியே, தெருவோரமாக முக்காடு போட்டுக்கொண்டு நிற்பேன். அடையாளம் தெரியாமல் தாண்டிப் போய்விட வேண்டாம். நாம் இருவரும் சேர்ந்தே உள்ளே போகலாம்.

தங்கள்,
பூமா